சமய வகுப்புக்கு வெளியே போட்ட கதிரைகள்

1. நாலு கதிரை

பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் கிழமை. கஃபெற்றீரியாவில் யாரோ கொட்டிவிட்ட சொக்லேட் பாலை மொப்பால் துடைத்துக்கொண்டு நின்றேன். இடுப்பில் இருந்த வாக்கிடாக்கியில் வைஸ் பிரின்சிபலின் குரல் கேட்டது. ஒபிஸுக்கு முன்னால், கொரிடோரில், உடனே நாலு கதிரை வேண்டும் என்றார்.

நான் ஸ்காபரோவில் ஒரு கத்தோலிக்க ஹைஸ்கூலில் கெயார்டேக்கர். கூட்டுவது, துடைப்பது, குப்பை எடுப்பது, பனிக்காலத்தில் வாசலுக்கு உப்புப் போடுவது எல்லாம் எங்கள் வேலை. கூட்டம், பரீட்சை, பூசை என்று எது நடந்தாலும் கதிரை மேசை போடுவதும் நாங்கள்தான். அதற்கு எங்கள் தொழிலில் செட்டப் என்று பெயர். எனக்கு வேலை பழக்கிய போர்த்துக்கீசர் ஒன்று சொல்லித் தந்திருந்தார். செட்டப் சொன்னால் சும்மா ஓடிப்போய்ப் போடக்கூடாது. யாருக்கு, எவ்வளவு நேரத்துக்கு, முடிந்ததும் எங்கே திருப்பி வைப்பது என்று கேட்கவேண்டும். நானும் அப்படியே கேட்டேன்.

"எக்ஸெம்ட் பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு நாளும். திருப்பி எடுக்கத் தேவையில்லை, சிவா," என்றார்.

கதிரைகளை டொலி வண்டியில் தள்ளிக்கொண்டு போனேன். கால்கள் தரையைக் கீறாமல் அடியில் ஃபெல்ட் ஒட்டினேன். ஒபிஸ் கண்ணாடிக்கு எதிரே சுவரோரமாக வரிசையாகப் போட்டேன். அந்த இடத்தில் ஏற்கனவே இரண்டு கதிரை இருந்தது. சண்டை பிடித்து அடிபட்ட பிள்ளைகள், ரீச்சரோடு வாய் காட்டிய பிள்ளைகள், வோஷ்ரூமில் வேப் பிடித்து அகப்பட்ட பிள்ளைகள் இருக்கிற கதிரைகள் அவை. புதிதாகப் போட்ட நாலும் அதே நீலம், அதே பிளாஸ்டிக். போட்டு முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். ஆறும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆண்டு மலருக்கு, செய்யும் வேலையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். என் மகனும் மகளும் அங்கே படித்தவர்கள், மறுக்க மனம் வரவில்லை. சிரிக்கிற மாதிரி ஒன்று எழுதத்தான் நினைத்தேன். பேனையை எடுத்தால் இந்தக் கதிரைகள்தான் வருகின்றன. இதில் வரும் மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

2. எக்ஸெம்ஷன்

எக்ஸெம்ஷன் என்றால் என்னவென்று முதலில் சொல்லவேண்டும். நான் ஊரில் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவன். சட்டப் புத்தகம் வாசித்தவன் இல்லை. எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

இந்த மாகாணத்தில் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களும் அரசாங்கத்தின் காசில்தான் நடக்கின்றன. ஹைஸ்கூலுக்குக் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் வரலாம். எங்கள் சைவப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், ஒரு சமயமும் இல்லாத பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். அங்கே சமயமும் ஒரு பாடம், கணக்கு, விஞ்ஞானம் மாதிரி மார்க் உண்டு. எனக்கு இந்த வகுப்பு வேண்டாம் என்று அப்படி வந்த பிள்ளை கேட்டால் விடவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பிள்ளை கேட்க முடியாது. தாயோ தகப்பனோ எழுதிக் கேட்கவேண்டும்.

கேட்டால் விடுகிறார்கள். அதில் பிழை சொல்ல ஏதுமில்லை. வகுப்பை விட்டு வந்த பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருப்பது என்பதுதான் பிரச்சினை. முன்பு லைப்ரரியில் விட்டார்கள். லைப்ரரிக்கு ஆள் அரை நாளாகக் குறைந்தது. பிறகு கஃபெற்றீரியாவில் விட்டார்கள். அங்கே பார்த்துக்கொள்ள ரீச்சர் இல்லை, ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று கேள்வி வந்தது. கடைசியில் ஒபிஸ் செக்கிரட்டரி கண்ணாடியால் பார்க்கக்கூடிய இடம் இதுதான் என்று கொரிடோருக்கு வந்து சேர்ந்தது. ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

அந்த செமெஸ்ரரில் நாலு பிள்ளைகள் வந்து இருந்தார்கள். போகிற வருகிற பிள்ளைகள் நின்று கேட்பார்கள், என்ன செய்து பிடிபட்டாய் என்று. சில ரீச்சர்மாரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு போவார்கள். முதலில் ஒரு பொடியன் எழும்பிப் போனான். நண்பர்களோடு ரிட்ரீட் என்ற தியானப் பயணம் போக அவனுக்கு ஆசை, அது சமய வகுப்போடு சேர்ந்தது என்று சொல்லியிருந்தார்கள். இன்னொரு பிள்ளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறியது. மூன்றாவது பிள்ளைக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. இலை கொட்டி முடிகிற நேரம் நிதுஷா மட்டும் மிஞ்சினாள்.

3. நிதுஷா

பதினோராம் வகுப்பு. மெலிந்த பிள்ளை, பெரிய பாக். மல்வேர்னில் ஒரு உயர்ந்த பில்டிங்கில் இருந்து பஸ்ஸில் வருவாள். நான் அந்த நேரத்தில் ஃப்ளோர் மெஷினோடு கொரிடோரில் வருவேன். மெஷின் வந்தால் கால் இரண்டையும் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொள்வாள். முதல் நாள் என்னைப் பார்த்து இங்கிலிஷில் குட் மோர்னிங் சொன்னாள். இரண்டாம் நாள் தமிழில் கேட்டாள்.

"அங்கிள், நீங்கள் யாழ்ப்பாணமோ?"

"ஓம் பிள்ளை. எப்பிடித் தெரியும்?"

"பக்கெட் காலில தட்டுப்பட்டவுடன ‘அட கோதாரி’ எண்டனீங்கள். அப்பாவும் அப்பிடித்தான் சொல்லுறவர்."

பிறகு நாங்கள் ஒவ்வொரு நாளும் இரண்டு வார்த்தை கதைப்போம். ஒரு நாள் நான் கேட்டேன், ஏன் பிள்ளை வகுப்புக்குப் போகாமல் இதிலே வந்து இருக்கிறாய், உனக்குச் சாமி பிடிக்காதோ என்று.

"சாமியில எனக்குக் கோவம் ஒண்டும் இல்லை அங்கிள். அங்க ரிஃப்ளெக்ஷன் எழுதவேணும். ஜெபிக்கும்போது கடவுள் உனக்கு என்ன சொன்னார், இந்தக் கிழமை எப்பிடி உன்னோட நடந்து வந்தார், உப்பிடி. எனக்கு அவர் ஒண்டும் சொல்லேல்லை. நான் சும்மா இருந்து யோசிச்சு எழுதினனான். அழுதனான் எண்டெல்லாம் எழுதினனான். ரீச்சர் வாசிச்சுப்போட்டு பியூட்டிஃபுல் எண்டு எழுதித் தந்தவ. பொய் எழுதித் தொண்ணூறு எடுத்தனான்."

"எல்லாரும் அப்பிடித்தானே எழுதுவினம்."

"எல்லாருக்கும் ஓகே போல. எனக்கு அந்த ரீச்சரைப் பாக்க வெக்கமாக் கிடக்கு. அவ உண்மையா நம்பிறவ. நல்ல மனுசி. அவவுக்குப் பொய் சொல்ல விருப்பமில்லை."

மெஷினைத் தள்ளிக்கொண்டு போனேன். அன்று முழுக்க அந்தப் பிள்ளை சொன்னது மனதுக்குள்ளேயே நின்றது. அவள் கேட்டது பெரிய காரியம் இல்லை. நம்பாததை நம்புவதாக எழுதச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். சட்டமும் அதைத்தானே கொடுத்திருக்கிறது என்று நினைத்தேன்.

"அப்பா சைன் வைச்சவரோ?" என்று இன்னொரு நாள் கேட்டேன்.

"வைச்சவர். ஸ்கூல் பேப்பர் எண்டு குடுத்தனான். வாசிக்காமல் வைச்சவர்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அதுவும் பொய்தான் எண்டு சொல்லப் போறீங்கள்."



4. தகப்பன்

ஒபிஸுக்கு வந்த ஒரு தமிழ் அன்ரி நிதுஷாவைக் கதிரையில் கண்டுவிட்டார். தன் மகனின் பஸ் கார்ட் விஷயமாக மறுபடி வந்தபோதும் கண்டார். அந்தக் கதிரையில் எப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும், மகன் இருந்திருக்கிறான். அன்று பின்னேரமே மல்வேர்னுக்குப் போன் போய்விட்டது.

அடுத்த நாள் காலை தகப்பன் வந்து நின்றார். பெயர் பரமேஸ். பிளாஸ்டிக் ஃபாக்டரியில் இரவு ஷிஃப்ட் முடித்து, சேஃப்ரி பூட்ஸோடு நேரே வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. மகள் இன்னும் வகுப்பில் இருந்தாள். வைஸ் பிரின்சிபல் என்னைக் கூப்பிட்டார். தமிழ் ஆட்கள் வந்தால் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். முறையான ஆளை எடுப்பதென்றால் முதலே புக் பண்ணவேண்டும்.

"அண்ணை, உவள் என்ன செய்தவள்? எனக்கு உள்ளதைச் சொல்லுங்கோ. போதைப்பொருளோ?" என்றுதான் முதல் கேட்டார்.

"சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி. நல்ல பிள்ளை. சமய வகுப்பு வேண்டாம் எண்டு நீங்கள் எழுதிக் குடுத்திருக்கிறியள். அதுக்குத்தான் வெளியில இருக்கிறா."

"நானோ?"

வைஸ் பிரின்சிபல் அந்தக் கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். பரமேஸ் தன் கையெழுத்தைப் பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு மரியாதைக் குறைவு செய்துவிட்டோமே என்ற பதற்றம் அவருக்கு. கதிரை நுனிக்கு வந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

"அண்ணை, மிஸ்ஸுக்குச் சொல்லுங்கோ. எங்களுக்கு எல்லாச் சாமியும் ஒண்டுதான். வீட்டில பிள்ளையாருக்குப் பக்கத்தில மாதா படம் வைச்சிருக்கிறம். நாங்கள் கத்தோலிக்க வேதத்துக்கு எதிரான ஆக்கள் இல்லை. பிள்ளையள் ரெண்டு பேருக்கும் ஞானஸ்நானமே குடுத்தனாங்கள். அதைச் சொல்லுங்கோ. கட்டாயம் சொல்லுங்கோ."

நான் அவரைப் பார்த்தேன். அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் சின்னவன், பில்டிங்குக்கு எதிரேதான் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிக்கூடம். பார்க்கிங் லொட்டைத் தாண்டினால் வாசல். மனைவி முதியோர் இல்லத்தில் விடியக் காலை வேலைக்குப் போகிறவர். அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஞானஸ்நானம் வேண்டும் என்றார்கள். வேலை செய்கிற இடத்தில் ஒரு கத்தோலிக்க நண்பர் உதவி செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமாக ஞானஸ்நான வகுப்புக்குப் போனார்கள். தம்பிக்குக் கொடுக்கும்போது அக்காவை மட்டும் விடுவது நல்லாயில்லை என்று அவளுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவள் அப்போது பொதுப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்ததால் அந்த விவரம் இங்கே ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் ஆட்களில் இப்படிச் செய்தவர்கள் பலர். ஒருவரும் அதைக் களவாக நினைத்துச் செய்யவில்லை. பிள்ளைக்கு இன்னொரு சாமியின் ஆசீர்வாதமும் கிடைக்கட்டுமே என்றுதான் நினைத்தார்கள். பரமேஸும் வைஸ் பிரின்சிபலைச் சந்தோஷப்படுத்தத்தான் அதைச் சொன்னார்.

மொழிபெயர்க்கிறவன் சொன்னதைச் சொல்லவேண்டும். சொன்னேன்.

வைஸ் பிரின்சிபல் பேனையைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் நிதுஷா கத்தோலிக்கப் பிள்ளை," என்றார். "எக்ஸெம்ஷன் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளுக்கு. எனக்குத் தெரிந்த பிறகு நான் தெரியாத மாதிரி இருக்க முடியாது."

நான் அதைத் தமிழில் சொன்னதும் பரமேஸ் தலையை ஆட்டினார். அவருக்கு முதலில் அது பாராட்டு மாதிரித்தான் இருந்தது. விளங்க ஒரு நிமிடம் பிடித்தது.

"அப்ப அவள் திரும்ப வகுப்புக்குப் போகவேணுமோ?"

நான் வைஸ் பிரின்சிபலிடம் வேறு வழி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம் இல்லை, பள்ளிக்கூட வரி விஷயத்தில் பொதுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் ஆதரவு என்று தகப்பன் எழுதி மாற்றலாம். மாற்றினால் திரும்பப் பார்க்கலாம்.

"மாத்தினால் சின்னவன்ரை பள்ளிக்கூடம்?" என்று பரமேஸ் கேட்டார்.

அது தன் கையில் இல்லை, அந்தப் பள்ளிக்கூடத்தைத்தான் கேட்கவேண்டும் என்றார் வைஸ் பிரின்சிபல். பிரச்சினை வராது என்றும் சொல்லவில்லை, வரும் என்றும் சொல்லவில்லை. அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

பரமேஸ் கடிதத்தை மெல்ல மேசைக்கு நடுவில் தள்ளி வைத்தார். பொதுப் பள்ளிக்கூடம் பெரிய ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம். காலையில் தாய் வேலையில், தகப்பன் இரவு வேலை முடித்து வந்துகொண்டிருப்பார், அக்கா இங்கே வர பஸ்ஸில். எட்டு வயதுப் பிள்ளையை யார் ரோட்டைத் தாண்டிக் கூட்டிப்போவது? அவர் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் நாங்கள் எல்லாரும் இப்படிக் கணக்குப் பார்த்துத்தான் இந்த ஊரில் பிள்ளை வளர்க்கிறோம், எனக்குத் தெரியும்.

"அண்ணை, ஒண்டையும் கிளற வேண்டாம். அவள் வகுப்புக்குப் போவாள். மிஸ்ஸுக்கு தாங்க்யூ சொல்லுங்கோ."

மணி அடித்தது. நிதுஷா வந்து தன் கதிரையில் இருந்தாள். கண்ணாடிக்கு உள்ளே தகப்பனைக் கண்டதும் பாக்கைக் கழற்றாமலே எழும்பி நின்றாள்.

கொரிடோரில் தகப்பன் ஏசவில்லை. "அம்மாவுக்குச் சொல்லேல்லை. நீ வகுப்புக்குப் போ," என்றார்.

"அப்பா, எனக்கு ஏலாது."

"எழுதினா என்ன குறைஞ்சிடுமே? கையாலதானே எழுதிறாய். தம்பிக்காக எழுது."

அவள் என்னைப் பார்த்தாள். "அங்கிள், எனக்குப் பன்னெண்டு வயசு. தலையில தண்ணி ஊத்தினவை. ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. தடிமன் காய்ச்சல்தான் வந்தது. இப்ப அதுதான் நான் எண்டு சொல்லுகினம்."

"பதினெட்டு வந்தால் நீயே கேக்கலாம் பிள்ளை," என்றேன்.

"பதினெட்டு வரேக்க ஸ்கூல் முடிஞ்சிடும் அங்கிள். ஜூலையில பேர்த்டே."

பாக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு மேல்மாடிக்குப் போனாள். அன்று பின்னேரம் நாலு கதிரையையும் எடுத்து ஸ்ரோர்ரூமில் வைத்தேன்.

5. பச்சைப் பொட்டு

பனி தொடங்கிய பிறகு வைஸ் பிரின்சிபல் இன்னொரு செட்டப் சொன்னார். இந்த எக்ஸெம்ஷன் சட்டம் அதைப் பாவிக்கக்கூடிய குடும்பங்களுக்கு எப்படி இருக்கிறது என்று மதிப்பீடு செய்ய மாகாண அரசாங்கத்தில் இருந்து ஒரு பெண் வருகிறார், பல பள்ளிக்கூடங்களுக்குப் போகிறார், இங்கே தமிழ்ப் பெற்றோரை மட்டும் தனியாகச் சந்திக்க விரும்புகிறார் என்றார். லைப்ரரியில் மேசைகளை ப வடிவத்தில் போடவேண்டும். மொழிபெயர்க்கவும் என்னையே நிற்கச் சொன்னார்.

அதை நிதுஷாவுக்கு நான்தான் சொன்னேன். லொக்கர் பக்கத்தில் கண்டேன். அவள் முகத்தில் கன நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப அப்பா சொல்லலாம். பிள்ளையளை வைச்சுச் சொல்லாமல், சட்டத்தைப் பற்றி எண்டு சொல்லலாம், என்ன? பேர் போடமாட்டினமே?"

"போடமாட்டினம் எண்டுதான் சொன்னவை."

இரண்டு நாள் கழித்து, தகப்பன் சம்மதித்துவிட்டார் என்று சொன்னாள். வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிப் பார்த்தாராம். ‘நம்பாததை எழுதச் சொல்லி என்ரை பிள்ளையைக் கஷ்டப்படுத்தக் கூடாது. பெரிய பிள்ளையின்ரை விஷயத்துக்குச் சின்னப் பிள்ளையின்ரை இடத்தைத் தொடக் கூடாது.’ அவ்வளவுதான் அவர் சொல்லவேண்டியது. தம்பிக்காரன்கூடப் பாடமாக்கிவிட்டான், அப்பா மறந்தால் எடுத்துக் கொடுக்கிறானாம்.

அன்று வந்தவர்கள் பத்துப் பேருக்குள். மதிப்பீட்டுக்கு வந்த பெண் இளம் வயது, பண்பான பிள்ளை. எல்லாரையும் கும்பிட்டு வணக்கம் என்று தமிழில் சொன்னார். பேர் கேட்கவில்லை. சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டி, ஒவ்வொருவருக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு ஒட்டுப் பொட்டுகள் கொடுத்தார். இந்தச் சட்டம் உங்கள் பிள்ளைக்கு உதவுகிறது என்றால் பச்சை, பிரச்சினை என்றால் சிவப்பு, இடையில் என்றால் மஞ்சள். பிறகு ஒவ்வொருவராகப் பேசலாம்.

முன்வரிசையில் இருந்த ஒரு அங்கிள் முதல் எழும்பினார். இருந்தபடி பேசலாம் என்று அந்தப் பெண் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அவர் இருக்கவில்லை.

"நல்ல பள்ளிக்கூடம். யூனிபோர்ம் இருக்கு. டிசிப்பிளின் இருக்கு. ஒரு பிரச்சினையும் இல்லை," என்று சொல்லிப் பச்சையை ஒட்டினார்.

பக்கத்தில் இருந்த அன்ரி தன் பொட்டுகளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "சிவப்பு ஒட்டினா பிள்ளைக்கு ஏதும் வருமோ தம்பி?"

"இல்லை அன்ரி. ஆர் எண்டு எழுதமாட்டினம்."

"எழுதாட்டி என்ன, ஒட்டிறதைப் பாத்துக்கொண்டுதானே இருக்கினம்." அவரும் பச்சையை ஒட்டினார். பிறகு எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "எங்களை வைச்சிருக்கிறாங்கள். பிள்ளையளுக்குச் சும்மா படிப்புக் குடுக்கிறாங்கள். வந்து குறை சொல்லுறதே?"

அப்படியே ஒவ்வொருவராக வந்தது. ஒரு பிரச்சினையும் இல்லை. நோ ப்ராப்ளம். வெரி குட். இதை நான் திரும்பத் திரும்ப மொழிபெயர்த்தேன். வாயில் அந்தச் சொல் தேய்ந்துபோயிற்று.

பரமேஸ் கடைசியில் இருந்தார். அன்றைக்கு வேலைச் சட்டை இல்லை, நல்ல ஷேர்ட். ஒரு கை மேசைக்குக் கீழே இருந்தது. அவருடைய முறை வந்ததும் எழும்பினார். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வைஸ் பிரின்சிபல் ரீயும் ரிம்பிற்ஸ் என்ற உருண்டை டோனற்றும் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டு, அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். வேறு எண்ணத்தில் இல்லை, தெரிந்த முகம் என்று சிரித்தார். உடனே போயும்விட்டார்.

பரமேஸ் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த பச்சைப் பொட்டுகளைப் பார்த்தார்.

"டிசிப்பிளின் நல்லம்," என்றார். கொஞ்சம் நின்று, "தாங்க்யூ," என்றார்.

நடந்துபோய்ப் பச்சைப் பொட்டை மற்றவற்றோடு வரிசையாக, நேராக ஒட்டிவிட்டு வந்து இருந்தார்.

அந்த நேரம் நிதுஷா இரண்டு மாடிக்கு மேலே சமய வகுப்பில் இருந்தாள்.

எல்லாரும் ரிம்பிற்ஸைத் துடைத்தாளில் சுற்றிப் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டு போனபின் அந்தப் பெண் தாளைச் சுருட்டினார். தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் குறை இல்லை என்று தெரிகிறது, சந்தோஷம் என்றார். பிறகு என்னிடம், நீங்கள் இங்கே வேலை செய்கிறீர்கள், உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று கேட்டார். பரமேஸ் சொல்லாததை நான் சொல்ல முடியாது. அது அவருடைய வீட்டு விஷயம். எனக்குத் தெரிந்தது கதிரை. அதைச் சொன்னேன். குழப்படி செய்த பிள்ளையும் உரிமையைக் கேட்ட பிள்ளையும் ஒரே கதிரையில் இருந்தால் பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். மிக முக்கியம் என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

மேசைகளை மடிக்கும்போது, பரமேஸ் இருந்த மேசையின் அடிப்பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. பெருவிரலால் நன்றாக அழுத்தி ஒட்டியிருந்தார். மேசைக்கு அடியில் சூயிங்கம் சுரண்டுகிற ஸ்க்ரேப்பர் என் பொக்கற்றில்தான் இருந்தது. நான் சுரண்டவில்லை. மேசையை மடித்து மற்ற மேசைகளோடு வைத்தேன்.

6. பரிசளிப்பு

வசந்த காலத்தில் மதிப்பீட்டின் பலன் வந்தது. பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் கைடன்ஸ் ஒபிஸுக்குப் பக்கத்தில் ஒரு மூலையை ஒதுக்கினார்கள். பச்சைக் குஷன் போட்ட நாலு கதிரை, ஒரு சின்ன மேசை, ஒரு விளக்கு. அழகாகத்தான் இருந்தது. நான்தான் பெட்டி உடைத்துப் பூட்டினேன். எக்ஸெம்ட் பிள்ளைகள் மரியாதையாக இருக்க ஓர் இடம் என்று வைஸ் பிரின்சிபல் எனக்கு நன்றி சொன்னார். மனதாரச் சொன்னார்.

அதில் இருக்க ஒரு பிள்ளையும் மிச்சம் இல்லை. நான் கிழமைக்கு ஒருமுறை குஷனுக்கு வக்கூம் பிடித்தேன். எடுக்க ஒரு துகள்கூட இருக்காது.

ஜூன் மாதம் பரிசளிப்பு. ஜிம் முழுக்கக் கதிரை போட்டேன். பரமேஸ் குடும்பமாக வந்திருந்தார். மனைவி சேலை கட்டியிருந்தார். சின்னவன் கழுத்தில் ரை கட்டியிருந்தான். பதினோராம் வகுப்பில் சமய பாடத்துக்கு அதிக மார்க் என்று நிதுஷாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளுடைய ரிஃப்ளெக்ஷன்கள் தன்னை அழவைத்தன என்று அந்த ரீச்சர் மைக்கில் சொன்னார். சொல்லும்போதும் கண் கலங்கியிருந்தது. நிதுஷா மேடைக்கு ஏறினாள். பரிசை வாங்கினாள். ரீச்சர் கட்டிப்பிடித்தபோது அவள் கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

பரமேஸ் பின்னால் நின்ற என்னிடம் போனைக் கொண்டுவந்து படத்தைக் காட்டினார். "பாத்தியளே அண்ணை. வகுப்பில முதலாம் பிள்ளை. நான் அப்பவே சொன்னனான், எழுதினா என்ன குறைஞ்சிடும் எண்டு." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "குறையேல்லைத்தானே அண்ணை?"

"படம் வடிவா வந்திருக்குத் தம்பி," என்றேன்.

ஜிம்மில் கதிரைகளை அடுக்கத் தொடங்குமுன் குப்பை வாளி எடுக்கக் கைடன்ஸ் பக்கம் போனேன். பச்சைக் குஷன் கதிரை ஒன்றில் நிதுஷா இருந்தாள். பரிசு மடியில் இருந்தது. அந்தக் கதிரையில் ஒரு பிள்ளை இருந்ததை நான் அன்றைக்குத்தான் முதல் முறை கண்டேன்.

"என்ன பிள்ளை, அப்பா தேடப் போறார்."

"வாறன் அங்கிள். ரெண்டு நிமிசம் இருந்துபோட்டு வாறன்." குஷனைக் கையால் தடவிப் பார்த்தாள். "நல்ல சொஃப்ட்." பிறகு பரிசைத் தூக்கிக் காட்டினாள். "இப்ப எனக்குக் கஷ்டமே இல்லை அங்கிள். என்ன எழுதினா அழுவா எண்டு எனக்குத் தெரியும்."

அவள் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, துக்கமாகவும் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

பிள்ளைகளே, இந்த வேலையில் நான் கற்றதைச் சொல்லித்தான் முடிக்கவேண்டும். வேண்டாம் என்று சொல்ல ஒரு பிள்ளைக்குச் சட்டம் இடம் கொடுக்கலாம். நல்ல மனிதர்கள் அதற்குக் கதிரையும் போடலாம், குஷனும் போடலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்காக வாய் திறக்கவேண்டியவர்கள் நாங்கள், அவளுடைய தாய் தகப்பன்மார். எங்களிடம் வந்து கேட்டபோது பிரச்சினை இல்லை என்றோம். நானும் அதைத்தான் மொழிபெயர்த்தேன். இனி யாராவது வந்து கேட்பார்களா, கேட்டால் நாங்கள் வேறு மாதிரிச் சொல்வோமா என்று எனக்குத் தெரியாது. சொல்வோம் என்று எழுதி உங்களைச் சந்தோஷப்படுத்த ஆசைதான். அது நான் நம்பாததை எழுதுவதாக இருக்கும்.

அவள் எழும்பிப் போனபின் குஷனில் குழி விழுந்திருந்தது. நான் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மேலே எழும்பிப் பழையபடி சமமாயிற்று.